பீன்யாவிலிருந்து வந்த ரத்தம்

அந்த ரத்தம் முனிகிருஷ்ணனுடையது இல்லை என்று மமதாவுக்கு ஒரே பார்வையில் தோன்றியது. தோன்றியது தீர்மானமாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அவள் சுபாவம் அப்படி.

இந்திராநகரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் உயிர்வேதியியலில். ஊதா மூடி போட்ட டியூப்களில் வரும் ரத்தத்தை மெஷினில் ஏற்றி, அதிலிருக்கும் ஹீமோகுளோபின் எந்தெந்த வகை என்று பிரித்துக் காட்டும் கிராஃபைப் பார்த்து டாக்டரிடம் கொடுக்க வேண்டும். வாயில் பெயர் நுழையாத அந்தப் புரதம் எல்லார் ரத்தத்திலும் உண்டு. ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி மாறினால் போதும், கிராஃபில் புதிதாக ஒரு முகடு எழுந்து நிற்கும்.

முனிகிருஷ்ணன் அவளுடைய அக்கா தீபிகாவின் கணவன். ஊரின் மறுகோடியில், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். தீபிகாவுக்கு இது முதல் பிரசவம். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் அவள் ரத்தத்தில் தலசீமியாவின் பாதிப் பங்கு இருப்பது தெரிந்தது. பாதி இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். ஆனால் கணவன் ரத்தத்திலும் ஏதாவது கோளாறு இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கிற குழந்தை ஆயுள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கலாம். அதை மூன்றாவது மாதம் முடிவதற்குள் தெரிந்துகொண்டால் நல்லது என்று டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி சொல்லியிருந்தார். அதனால்தான் முனியின் டியூப்.

லீவு கிடைக்காது என்று முனி இந்திராநகர் வரவில்லை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கலெக்ஷன் சென்டரில் கொடுத்துவிட்டான். ஐஸ் பெட்டியில், பைக்கில் வந்து சேர்ந்த டியூப் அது. யார் கையிலிருந்து எடுத்தது என்று மமதா பார்க்கவில்லை. அதுதான் உறுத்தியது.

கிராஃபில் சின்ன மேடாக இருக்க வேண்டிய இடத்தில் மொத்தத்தில் கால்வாசியை எடுத்துக்கொண்டு ஒரு முகடு நின்றது. ஹீமோகுளோபின் ஈ. படித்தது ஞாபகம் வந்தது. வங்காளம், அஸ்ஸாம், அதற்கும் கிழக்கே இருக்கிற நாடுகள். அங்கே இது சாதாரணம். தமிழ்நாட்டில் அபூர்வத்திலும் அபூர்வம்.

"மேடம், சாம்பிள் மாறிருக்கு."

ஸ்ரீலக்ஷ்மி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மாறிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். ஆளக் கூட்டிட்டு வந்து திரும்ப எடு. உங்க அக்காவுக்கு நாள் ஓடிட்டிருக்கு."

"இது அஸ்ஸாம்காரங்க ரத்தம் மேடம். எங்க மாமா மர்பி டவுன் தமிழ் ஆளு."

"ரத்தத்துக்கு மர்பி டவுன் எதுன்னு தெரியுமா? சீக்கிரம் எடு."

டாக்டர் சொன்னதில் 'மாறிருக்கலாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மமதா அக்கா வீட்டுக்குப் போனாள்.

கல்லூரியில் படிக்கும்போது யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் ரத்தம் எடுக்க வந்தார்கள். நரம்பைத் தேடுவதற்கு முன்னால் ஜாதியைத் தேடினார்கள். எந்த ஊர், எந்த ஜாதி, அப்பா அம்மா சொந்தத்தில் கட்டினவர்களா. "ரத்தத்துக்கு எதுக்குய்யா ஜாதி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுக் கையை நீட்டாமல் எழுந்து வந்தவள் அவள். குழுவுக்குக் குழு புரதம் மாறும், அதைப் பார்க்கத்தான் என்று அவர்கள் விளக்கினார்கள். காது கொடுக்கவில்லை. இப்போது அதே கணக்கு அவள் மண்டைக்குள் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடக் காரணமும் இருந்தது. பீன்யாவில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ஹெல்த் கேம்ப் நடக்கும். சர்க்கரை ஏறியிருந்தால் ஓவர்டைமிலிருந்து தூக்கிவிடுவார்கள், கிரேன் மேல் ஏற விடமாட்டார்கள். அதனால் சர்க்கரைக்காரர்கள் தங்கள் டோக்கனை ஒரு நல்ல உடம்புக்காரனிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முகத்தை யார் பார்க்கிறார்கள்? டோக்கனைப் பார்த்துக் குத்துவார்கள். முனியின் ஷெட்டில் அந்த நல்ல உடம்பு பிபுல் என்ற அஸ்ஸாம்காரன். முனியே ஒரு தீபாவளிக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. "எங்க ஷெட்ல பாதி பேருக்கு பிபுல் ரத்தந்தான். அவன் ஒருத்தன் வெறும் வயித்துல வந்தா நாங்க நாலு பேர் பாஸு!"

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். மமதாவும் சிரித்தாள்.

மர்பி டவுனில் தீபிகாவின் வீட்டில் அவள் நுழைந்தபோது முனி கையிலிருந்த கிரீஸை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தீபிகா கட்டிலில் சுருண்டிருந்தாள், எதைத் தின்றாலும் வாந்தி. முனியின் அம்மா காந்தா ஸ்டவ் பக்கம் நின்று கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ரத்தம் நீங்கதான் குடுத்தீங்களா?"

"இல்ல, எதிர் ஊட்டு நாய் குடுத்துச்சு."

"விளையாடாதீங்க. பிபுலா?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அது நின்றதை மமதா பார்த்தாள், மனதில் குறித்துக்கொண்டாள்.

"இன்னா பேசற நீ?" என்றான் முனி.

"நாளைக்கு லேபுக்கு வாங்க. என் கண்ணு முன்னால குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"ஏன், நான் பொய் சொல்றனா?"

"நான் அப்டி சொன்னனா?"

"பின்ன எப்டி சொன்ன? படிச்சிட்டா எங்கள எல்லாம் திருடன்னு நெனப்பியா? ஏய் தீபிகா, கேட்டுக்க, உன் தங்கச்சி போலீஸாயிட்டா."

காந்தா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒரு தபா குடுத்தாச்சில்ல. சும்னே எதுக்கு குத்திகினே இருக்கணும்? எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

"அத்தை, நான் உங்கள கேக்கல."

"அந்த டெஸ்ட்டுல அப்டி இன்னாதான் வந்துச்சு?"

"நம்ம ஆளுங்களுக்கு வராதது வந்திருக்கு. கிழக்குப் பக்கத்து ஜனங்களுக்கு வர்றது."

காந்தா கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு ஸ்டவ் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மிஷினு தப்பா சொல்லும்," என்று கஞ்சியைப் பார்த்துச் சொன்னாள்.

மகனைக் காப்பாற்றுகிறாள் என்று மமதா நினைத்தாள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது. முனிக்கு சர்க்கரையோ, வேறு எதுவோ இருக்கிறது. லேபில் ரத்தம் கொடுத்தால் அதுவும் சேர்ந்து தெரிந்துவிடும் என்று பயம், அதனால் வழக்கம்போல பிபுலை அனுப்பிவிட்டான். எல்லாம் பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்தியதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வாசல் வரை தீபிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "சண்டை கிடக்கட்டும். குழந்தைக்கு ஏதாச்சும் இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லு."

"மாமா ரத்தமே கைக்கு வரல, நான் எப்டி சொல்றது?"

தீபிகா அதற்கு மேல் கேட்கவில்லை. நம்பினாள். மற்ற எல்லாரையும்விட அவளைத்தான் தீபிகா எப்போதும் நம்புவாள்.

வாராந்திர லீவு நாளில் மமதா மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி பீன்யா போனாள். முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றாள். முனிக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். அதை விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பிபுல் ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தான். கன்னடமும் தமிழும் இந்தியும் கலந்து ஒரு பாஷை பேசினான், அது பீன்யாவில் மட்டும் புழங்குகிற பாஷை.

"முனி பாய் மச்சினிச்சியா? டீ குடிங்க தீதி."

"டீ வேணாம். முனி பேர்ல நீ ரத்தம் குடுத்தியா?"

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "தீதி, மெதுவா. நா குடுத்தே. ராஜண்ணாக்கு குடுத்தே, சூப்பர்வைசர்க்கு குடுத்தே. முனி பாய்க்கு இல்ல."

"ஏன் இல்ல?"

"முனி பாய்க்கு சுகர் இல்ல, பிபி இல்ல. நல்லா இருக்கற ஆளுக்கு நா எதுக்கு?"

பதில் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததாலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க," என்றாள்.

"நம்பிக்கெ இல்லவா?" பிபுல் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். "எடுங்க தீதி. ஊசி இருக்கா? எல்லாரும் எடுத்த கை, நீங்களும் எடுங்க."

அவள் பையில் ஊசி இருந்தது. டியூப் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். லேபில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தே எடுத்தாள். டீக்கடைக்காரர், "மேடம், அவனுக்கு இதுவே வேலை மேடம், கொஞ்சம் விட்டு வைங்க," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிபுலும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அந்த டியூபை மெஷினில் ஏற்றினாள். கிராஃப் வந்தது. சின்ன மேடு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மேடு. அவ்வளவுதான். புத்தகத்தில் போடலாம், அத்தனை சாதாரணமான ரத்தம். அஸ்ஸாம்காரன் உடம்பில் அந்த முகடு இல்லவே இல்லை.

திரும்ப ஏற்றினாள். திரும்பவும் அதே.

அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கலாம். அஸ்ஸாமில் பலருக்கு உண்டு என்றால் பலருக்கு இல்லை என்றும்தானே அர்த்தம்; அப்படியானால் இங்கேயும் யாரோ ஒருவருக்கு இருக்கக் கூடாதா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். படித்தவள்தான். ஆனால் சந்தேகம் ஒரு ருசி. ஒருமுறை நாக்கில் பட்டால் அடுத்த வாய்க்கு ஆள் தேடும். பிபுல் இல்லையென்றால் பிபுலின் அறையில் இருக்கிற இன்னொருவன். ஒடியாக்காரனோ, வங்காளியோ. முனிக்கு போன் போட்டாள், அவன் கட் பண்ணினான். திரும்பப் போட்டாள், திரும்பக் கட் பண்ணினான். பயம், அதனால்தான் எடுக்கமாட்டேன் என்கிறான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கலெக்ஷன் சென்டருக்குப் போன் போட்டு, கேமரா இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றார்கள். அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

நாட்கள் போயின.

"உங்க அக்கா வீட்டுக்காரர் வந்தாரா?" என்று ஒரு மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி கேட்டார்.

"இல்ல மேடம். யாரு குடுத்ததுன்னு பார்த்திட்டிருக்கேன்."

"எது யாரு குடுத்தது?"

"அந்த டியூப்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தன நாளா நீ அதையா பார்த்திட்டிருக்க? மமதா, அந்த கிராஃப் அவரோடதாவே இருந்தா என்ன ஆகும்?"

மமதா வாயைத் திறந்தாள். தாயிடமிருந்து தலசீமியா, தகப்பனிடமிருந்து ஈ. இரண்டும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிய பதில் அது.

"சொல்லு," என்றார் ஸ்ரீலக்ஷ்மி. "உங்க அக்காகிட்ட இத சொல்லிட்டியா, இல்லயா?"

சொல்லவில்லை. மாடிப்படியில் நின்று போன் போட்டு அப்போதுதான் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றாள் தீபிகா.

"அது மாமாது இல்லன்னு நெனச்சேன்க்கா..."

"மாமாவ பத்தி நான் கேக்கவே இல்லயே. எங் குழந்தைய பத்திதானடி கேட்டேன்."

மறுநாள் காலையில் தீபிகா கணவனை இழுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். காந்தாவும் கூடவே வந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். முனி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "பாத்துக்க. எங் கைதான? பச்சை குத்தியிருக்கு பாரு, உங்க அக்கா பேரு. பிபுல் கையில இருக்கா?" என்றான். மமதா நரம்பைத் தேடி எடுத்தாள், பெயரை எழுதி ஒட்டினாள், டியூபை யார் கையிலும் கொடுக்காமல் மெஷினுக்கு எடுத்துப் போனாள்.

முகடு எழுந்தது. அதே இடத்தில், அதே உயரத்தில்.

அவள் வெளியே வந்தபோது பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேசியது காந்தா.

"வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை."

காந்தா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா ரங்கூன்காரி. பர்மாக்காரப் பொம்பள," என்றாள்.

"எந்த அம்மா?" என்றான் முனி.

"எனக்கு எத்தினி அம்மாடா? உங்க ஆயாதான். அறுபத்தி நாலுல கப்பல்ல வந்தோம். எங்கப்பா அங்க துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. எனக்கு அப்ப ரெண்டு வயசு. எங்கம்மா பொடவை கட்டிகினு, பொட்டு வெச்சிகினு, கப்பல்லயே மீனாட்சி ஆயிட்டா. வியாசர்பாடில அவள யாரும் ஒண்ணும் கேக்கல. அங்க இருந்த பாதி பேரு பர்மாலருந்து வந்தவங்கதான். இங்க வாக்கப்பட்டு வந்தப்புறம் நானும் சொல்லல."

"எங்கிட்டகூடவாம்மா?"

"உனக்கு சொன்னா நீ ஷெட்டுல போயி கத சொல்லுவ."

மமதாவுக்குக் கோபம் குபுகுபுவென்று வந்தது. கோபப்பட இன்னொரு ஆள் கிடைத்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. "கிழக்குப் பக்கத்து ரத்தம்னு அன்னிக்கே சொன்னேனே அத்தை. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். வாயத் தெறந்து சொல்லியிருந்தா இத்தன நாள் போயிருக்குமா?"

"நீ அதயா கேட்ட?" காந்தாவின் குரல் உயரவில்லை. "யாரு குடுத்தா, யாரு குடுத்தான்னுதான கேட்டுகினு இருந்த. நம்ம ஆளுங்களுக்கு வராதுன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்ன. பொண்ணு பாக்க வந்தப்பவும் உங்கம்மா கேட்ட மொத கேள்வி, நம்ம ஆளுங்கதானன்னு. அதுக்கு நான் ஆமான்னு தலையாட்டினேன். அதுக்கப்புறம் எப்பிடி சொல்லுவாங்க? குழந்தைக்கு ஆவாதுன்னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா, நடுத்தெருவுல நின்னு சொல்லியிருப்பேன்டி."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் தீபிகா. "இப்ப இன்னா பண்ணணும்?"

ஸ்ரீலக்ஷ்மி அவர்களை உள்ளே உட்காரவைத்து விளக்கினார். கருவுக்கு என்ன போயிருக்கிறது என்று பார்த்துவிடலாம். முன்னமே வந்திருந்தால் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துச் சீக்கிரம் பார்த்திருக்கலாம். அந்த வாரங்கள் தாண்டப்போகின்றன. வயிற்றில் ஊசி போட்டு எடுப்பதற்கு முன்னால் இருவருடைய ரத்தத்திலும் மாற்றம் எது என்று டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கே நாள் ஆகும். இனி வயிறு கொஞ்சம் வளர்ந்தபின் பனிக்குட நீரை எடுத்துத்தான் பார்க்க முடியும். அதுவரை காத்திருக்க வேண்டும்; கருவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அப்போதுதான் தீர்மானிக்க முடியும்.

"அதுக்குள்ள அசைய ஆரம்பிச்சிருமா?" என்று தீபிகா கேட்டாள்.

"சிலருக்குத் தெரியும்," என்றார் டாக்டர்.

தீபிகா மமதாவை ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரங்களில் தீபிகா அவளுக்குப் போன் செய்யவில்லை. மமதா போனால் கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், விருந்தாளியிடம் பேசுவதுபோல இரண்டு வார்த்தை பேசினாள். வாந்தி வந்தால் காந்தாதான் தலையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஊசி போட்ட அன்றும் காந்தாதான் கூட இருந்தாள். எப்போது அசைவு தெரிந்தது என்று தங்கையிடம் தீபிகா சொல்லவே இல்லை. முனியிடமிருந்துதான் தெரிந்தது. அதையும் அவன் சந்தோஷமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான்.

முடிவு வரும் நாளில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு பேருமாகப் போனார்கள். பெயரைக் கூப்பிட்டதும் மமதாவும் எழுந்தாள்.

"நீ வெளிய இரு," என்றாள் தீபிகா.

"அக்கா, அவங்க சொல்றது உங்களுக்குப் புரியாது. நான்..."

"புரியற மாதிரி சொல்லச் சொல்றேன். நீ இரு."

முனியும் காந்தாவும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஊர்ப்பட்ட ஜனங்களின் ரத்தத்தைப் படிக்கிறவள் தன் அக்கா குழந்தையின் ரத்தத்துக்காக வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சு கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. இவ்வளவு நேரம் பேசினால் கெட்ட செய்திதான் என்று தோன்றியது. நல்ல செய்தி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கதவு திறந்தது. முதலில் வந்த காந்தா அழுதுகொண்டிருந்தாள். மமதா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அத்தை?"

"எங்கம்மாதுதான் வந்துகீதாம்," என்றாள் காந்தா. "இவளுது வரலயாம். ஒண்ணும் ஆவாதாம்."

பின்னால் தீபிகா வந்தாள், முகம் கழுவின மாதிரி ஈரமாக. "ஈ மட்டும் இருக்கு. அதுவும் பாதிதான். மாமாவாட்டம் இருக்குமாம், சோறு தின்னுகினு, வம்பு பேசிகினு."

"யாரு சொன்னது? டாக்டரா, கவுன்சிலிங் பண்றவங்களா?" மமதாவின் வாய் அதன் பாட்டுக்கு ஓடியது. "உன் ரத்தம் அதுல கலந்துடலன்னு செக் பண்ணாங்களா? கேட்டியா? பேர் சரியா இருந்துச்சா?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"கேட்டேன்," என்றாள் தீபிகா. "எல்லாம் கேட்டேன்."

முனி தலையில் அடித்துக்கொண்டான். "இவள கட்டிக்கப் போறவன் பாவம். தாலிய மூணு லேபுக்கு அனுப்புவா."

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆட்டோ வந்தது. தீபிகா நடுவில் உட்கார்ந்தாள், காந்தா ஒரு பக்கம், முனி ஒரு பக்கம். மமதா வெளியே நின்றாள். தீபிகா ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. பிறகு, "பஸ்ல வந்துடுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துடுவேன்."

"நேரா வூட்டுக்கு வா. சோறு இருக்கு," என்று காந்தா உள்ளேயிருந்து கத்தினாள். தீபிகா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆட்டோ கிளம்பியது.

மமதா பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தாள். அத்தை நிஜமாகவே கூப்பிட்டாளா, சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னாளா? மர்பி டவுன் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்தது. கூட்டமாக இருந்தது. ஏறிக்கொண்டாள்.